காயுமுன் பூசிய முகம்

நம் வயதுக்காரர்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாம் இப்போது ஒரு கேன்வாஸ் படம் வந்திருக்கும், பாருங்கள். பேரனும் நாயும், பேத்தியும் பூனையும் என்று போனில் எடுத்த போட்டோவை அனுப்பிவிட்டால் போதும். எண்ணெய் வர்ணத்தில் தீட்டினதுபோல் ஆக்கி, சட்டம் போட்டு, வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் என் மகள் வீட்டுக்கும் போன வாரம் ஒன்று வந்தது. எட்டு வயதுப் பேரனும் அவன் மடியில் அந்த மூக்கு அமுங்கின நாயும். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நானும் சிரித்துக்கொண்டேதான் கிட்டே போனேன்.

பேரன் மாநிறம். படத்தில் வெளுத்துப்போய், கன்னம் இரண்டும் ரோஸ் நிறத்தில் இருந்தன. கண்ணுக்குக் கீழே அவனுக்கு லேசாகக் கறுப்புத் தட்டியிருக்கும், அதையும் காணோம்.

"இது என்னட்டி?" என்று மகளைக் கேட்டேன்.

"அதாம்மா, மூஞ்சியக் கொஞ்சம் தெளிவாக்கட்டுமான்னு போன்ல கேட்டுது. சரின்னு அமுக்கிட்டேன். நல்லாத்தான இருக்கு?"

அதோடு விட்டிருந்தால் நானும் காப்பியைக் குடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன். "ஊர்ல மாமா படம் வெடிச்சுப்போயிக் கெடக்குல்லாம்மா, அதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருவோம். வெடிப்பெல்லாம் அடைச்சுப் புதுசா பண்ணித் தந்துருவாங்க" என்றாள். மாமா என்றால் என் தம்பி.

காப்பியைக் கீழே வைத்தேன். அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். பெற்ற மகள்தான், ஆனாலும் வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்து வீடு எப்படி இருக்கும், பெரியவர்கள் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கு விளக்கவேண்டாம் பாருங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு ஆறு. சீவலப்பேரியில் எங்கள் வீடு. தாத்தா காலத்தில் கண்ணுக்கெட்டின தூரம் எங்கள் வயல் என்பார்கள். அப்பா காலத்தில் நாலைந்து துண்டு மிஞ்சியது, தோரணை மட்டும் முழுசாக மிஞ்சியது. எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், அதற்கப்புறம் பிறந்தவன் தம்பி. எனக்குப் பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அவனைப் பார்த்தால் போய்விடும். கன்னம் அப்படி. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் கிள்ளிவிட்டுப் போவார்கள். அவனும் அடுத்த கன்னத்தைக் காட்டுவான்.

அந்தப் பங்குனியில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு போட்டோக்காரர் வந்திருந்தார். அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, கிணற்றடியில் தம்பியையும் நாயையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். நாய்க்குச் செவலை என்று பேர். சிப்பிப்பாறை நாய். விலா எலும்பை எண்ணிவிடலாம், அந்தச் சாதியே அப்படித்தான். தம்பி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். போட்டோக்காரர் கையைத் தட்டினதும் நாய் நேரே காமிராவைப் பார்த்தது.

நானும் ஓடிப்போய் நின்றேன். "நீ தள்ளி நில்லுட்டி. ஒனக்கு மாப்பிள வீட்டுக்குக் குடுக்க எடுக்கலாம்" என்றாள் அத்தை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா, எங்களோடேயே இருந்தவள். எங்கள் வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தள்ளித்தான் நின்றேன். அப்படியும் படத்தின் ஓரத்தில் என் பாவாடைக் கரை விழுந்துவிட்டது.

அந்தப் போட்டோவைக் கேன்வாஸில் பெரிதாக வரைந்து மாட்டவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. யாரோ பெரிய வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தார். திருநெல்வேலி டவுணில், ரத வீதியில் மாடி அறையில் ஒரு படக்காரர் இருந்தார். அவருக்கு முக்கால்வாசி வேலை செத்துப்போனவர்களை வரைவது. கல்யாணப் போட்டோவில் ஓரமாக நின்ற கிழவரின் தலையை மட்டும் எடுத்து, அங்கவஸ்திரமும் மாலையும் போட்டு, வாய்விட்டுப் பேசுகிற மாதிரி வரைந்து கொடுத்துவிடுவாராம்.

அத்தைக்கு இது ஒப்பவில்லை. "செத்தவுக மூஞ்சியவே பாத்துப் பழகுன கண்ணு. அத உசுரோட இருக்க பிள்ள மேல விடலாமா?"

"நீ சும்மா இரு அக்கா" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை படக்காரர் டவுண் பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல உயரம். வேட்டி ஓரத்தில் இல்லாத நிறம் இல்லை. கிட்டே வந்தால் டர்பன்டைன் நெடி அடிக்கும். போட்டோவை வாங்கி அதன்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். அந்தக் கட்டங்களைப் பெருக்கித்தான் கேன்வாஸில் வரைவாராம். என் பாவாடைக் கரை ஒரு கட்டத்துக்குள் தனியாக மாட்டிக்கொண்டது.

"இது யாருது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"அத எடுத்துரும் வே" என்றார் அப்பா.

போட்டோ அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைதானே. நிறத்தை ஆளைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். அதற்காக ஒரு கட்டு அட்டைச் சீட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மனிதத் தோலின் நிறம் பூசியிருக்கும். அதைத் தம்பியின் கன்னத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். எது கன்னத்தோடு சேர்ந்துபோகிறதோ அதன் பின்னால் குறித்துக்கொள்வார். தம்பிக்குக் கூச்சம் தாங்காது. என் கையிலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "ஒனக்கு இது. நல்ல நெறம்" என்று ஒரு சீட்டை எனக்கே கொடுத்துவிட்டார். பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். போன வாரத்துச் சீட்டைத் தம்பி கன்னத்தில் வைத்தார். சேரவில்லை. வேறொன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் அதுவும் சேரவில்லை, கட்டில் இருந்த வேறெதுவும் சேரவில்லை. சீட்டுக் கட்டைத் தரையில் வைத்துவிட்டு, போட்டோவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் தம்பி எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மோந்து குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நான் வந்து உக்காந்து ஒருமணி நேரங்கூட ஆகல. நாலாவது செம்பு குடிக்கான்" என்றார் படக்காரர்.

அம்மா கதவோரம் நின்றாள். "ஆடிக் காத்துல்லா அண்ணாச்சி. தொண்ட வறளுது போல."

"போட்டோல இருக்க பிள்ள வேற, இங்கன இருக்க பிள்ள வேறம்மா. நான் எந்தப் பிள்ளையப் போடணும்?"

அம்மா உள்ளே போய்விட்டாள். தினமும் பார்க்கிற கண்ணுக்குப் பிள்ளை மெலிவது தெரியாது என்பார்கள். அது பொய். அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை ஒரு வெளியாள் வாயால் கேட்கப் பயந்து போனாள்.

எனக்கு அதற்கு முன்பே ஒன்று தெரியும். அதைத்தான் இத்தனை வருஷமாக வாய்க்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.

தொழுவத்துக்குப் பின்னால் சுவரோரம் தம்பி ஒன்றுக்குப் போகிற இடம் ஒன்று உண்டு. அந்த ஆடியில் அங்கே எறும்பு வந்தது. ஒன்றிரண்டு இல்லை. சுவர்ப் பொந்திலிருந்து வரிசையாக இறங்கி வரும். அவன் போய்விட்டு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் தரை கறுத்துவிடும். செவலை வேறு அங்கேயே நின்று மண்ணை நக்கும். விரட்டினால் நாலடி போய்த் திரும்ப வரும். எங்களுக்குச் சிரிப்பென்றால் சிரிப்பு.

"அக்கா, என் ஒண்ணுக்கு இனிக்கி போல" என்றான் ஒருநாள்.

வீட்டில் ஒரு பெரியவருக்கும் தெரியாத சங்கதியை ஆறு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த மாதமே அவன் பாயை நனைக்க ஆரம்பித்தான். மூன்று வயதிலேயே விட்ட பழக்கம். அத்தைக்குத் தெரிந்தால் தொடையில் சூடு போடுவாள் என்று அவனுக்குப் பயம். போடக்கூடியவள்தான். நான் விடியுமுன்னே எழுந்து, நனைந்த துணியைச் சுருட்டிப் பாவாடைக்குள் மறைத்து, வாய்க்காலில் அலசிக் காயப்போட்டுவிட்டு வருவேன். துணியிலும் எறும்பு ஏறியிருக்கும். உதறிவிட்டுத்தான் தண்ணீரில் முக்குவேன்.

"அக்கா, யாருட்டயும் சொல்லாத, என்ன?" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். பண்ணிக் கொடுத்தேன். என் ஆயுசில் நான் ஒழுங்காகக் காப்பாற்றின சத்தியம் அது ஒன்றுதான்.

அப்புறமும் ஞாயிறுதோறும் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார் படக்காரர். ஆவணி நடுவில் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். வேலை முடியவில்லை, முகம் மட்டும் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துத் துணியை எடுத்தார்.

கிணற்றடி அப்படியே இருந்தது. துலாக் கம்பு இருந்தது. தம்பியின் கோடு போட்ட சட்டை இருந்தது. சட்டைக்கு மேலே இருந்த முகம் அந்த வாரத்து முகம். கன்னம் வற்றி, உதடு காய்ந்து, கண் இரண்டும் பெரிதாகி உள்ளே போயிருந்தன. அச்சு அசலாக அவனேதான். எனக்கு ஒரு நொடி அவன்தான் அங்கே போய் நிற்கிறான் என்று தோன்றியது. நாய் காமிராவைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கித் தம்பியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "பொணத்த எழுதுன கை, பொணத்தத்தான எழுதும்."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம் வே, போட்டோவ எதுக்குக் குடுத்தேன்? இதா போட்டோல இருக்க மூஞ்சி?"

"போட்டோ பங்குனில எடுத்தது அண்ணாச்சி. நான் பாத்தத போட்டிருக்கேன். பிள்ளைய பாளையங்கோட்ட பெரியாஸ்பத்திரில காட்டுங்க. என் தங்கச்சி வீட்லயும் ஒரு பிள்ள இப்பிடித்தான் தண்ணி தண்ணின்னு..."

"நீரு படம் போட வந்தீரா, வைத்தியம் பாக்க வந்தீரா?"

அப்பா போட்டோவை எடுத்துப் படக்காரர் முன்னால் நீட்டினார். இந்த முகத்தைப் போடவேண்டும், சிவப்பும் தெளிவுமாக இருக்கவேண்டும் என்றார். கீழே பூசினது இன்னும் காயவில்லை, நன்றாகக் காயுமுன் மேலே பூசினால் என்றைக்கிருந்தாலும் வெடிக்கும், ஒரு மாதம் பொறுங்கள் என்றார் படக்காரர். அப்பா பொறுக்கவில்லை. அந்த முகம் இன்னொரு நாள் உலகத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்தார். அந்த வேகத்தில் நாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு படக்காரர் போன பிறகு அத்தை மிளகாயும் உப்பும் எடுத்துத் தம்பிக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு பட்டிருக்கிறது என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியுமே. பிள்ளை மெலிந்ததற்குக் காரணம் அகப்பட்டுவிட்டது. சீட்டை வைத்து வைத்துப் பார்த்தே உறிஞ்சிவிட்டானாம் படக்காரன். இனி அவன் கண்ணில் பிள்ளையைக் காட்டக்கூடாது என்று தீர்மானம் ஆயிற்று.

"பிள்ள போட்டோல இருக்க மாதிரி ஆவட்டும். அப்புறம் படத்தக் கொண்டாந்து மாட்டுவோம்" என்றார் அப்பா.

பெரியவர்கள் மூன்று பேரும் சேர்ந்து பிள்ளையைப் படத்துக்குச் சமமாக்க ஆரம்பித்தார்கள். பங்குனியில் எடுத்த போட்டோவின் இன்னொரு பிரதியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சொருகி வைத்தாள் அம்மா. வெள்ளிக்கிழமை தலை முழுக்காட்டி, தம்பியை அதன் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் பார்ப்பாள். நாட்டு வைத்தியர் ஒருவர் வந்து நாடி பிடித்தார். "சூட்டு ஒடம்பு, வேறொண்ணுமில்ல. குளுமையா, தெம்பா குடுங்க" என்றார். கொடுத்தார்கள். பாலில் கற்கண்டு. உளுந்தங்களியில் கருப்பட்டி. ஓலைக் கொட்டானில் கருப்பட்டியை உடைத்துப் போட்டு, அவன் கை எட்டுகிற உயரத்தில் வைத்தாள் அத்தை. அப்பா டவுணுக்குப் போகிறபோதெல்லாம் அல்வா வாங்கி வந்தார். இன்னும் சூடு ஆறாமல், இலையில் நெய் கசிந்து இருக்கும். முன்பெல்லாம் எங்களுக்குத் தீபாவளிக்குத்தான் அல்வா.

அத்தையைப் பொல்லாதவள் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவள் தன் பங்கு அல்வாவைத் தொட்டதே இல்லை. "என் ராசாவுக்கு" என்று எடுத்து வைப்பாள். நானும் என் பங்கைக் கொடுத்தேன். எனக்கு அல்வா என்றால் உயிர். இருந்தும் கொடுத்தேன், அவன் கன்னம் திரும்ப வரவேண்டும் என்று. எல்லோரும் அன்பாகத்தான் கொடுத்தோம்.

அவன் சாப்பிட்டான். பசி பசி என்று சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிட அரைஞாண் கயிறு இடுப்பை விட்டு இறங்கியது. அம்மா முடிச்சு போட்டு இறுக்கினாள். மறுவாரம் இன்னொரு முடிச்சு. கிணற்றடிக்கு நடந்து போகக்கூட அவனுக்கு ஆகவில்லை. செவலைதான் அவனை விட்டு நகரவில்லை. "ஏலே, நீயும் நாயும் இப்ப ஒரே சாதியா ஆயிட்டீக" என்று விலாவைத் தடவிக் கேலி செய்தேன். நான்தான் சொன்னேன். அவன் சிரித்தான்.

கார் நெல் அறுப்பு தொடங்கின புரட்டாசியில் ஒருநாள் காலை. அப்பா களத்துக்குப் போயிருந்தார். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான். குனிந்து அவன் முகத்தைத் துடைத்த அத்தை சட்டென்று நிமிர்ந்தாள். அவன் வாயிலிருந்து பழ வாசனை வந்தது. கனிந்து, கொஞ்சம் கெட்டுப்போன பழத்தின் வாசனை. வீடு முழுக்க அடித்தது.

"எங்கன போயிலே பழத்தத் திருடித் தின்னே? கண்டதத் தின்னுட்டு வயிறு வலிக்குன்னு கெடக்க" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். பலமான அடி இல்லை. பயத்தில் அடித்த அடி.

"நான் ஒண்ணும் திங்கல அத்த" என்றான்.

அவன் மூச்சு நெடிதாக இழுத்தது. ஓடி வந்தவன் மாதிரி. படுத்திருக்கிற பிள்ளைக்கு ஏன் இப்படி வாங்குகிறது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மத்தியானத்துக்குள் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. களத்திலிருந்து அப்பா ஓடி வந்தார். தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அம்மா பின்னாலேயே ஓடினாள், செருப்புக்கூட இல்லாமல். செவலை பஸ்ஸுக்குப் பின்னால் ஊர் எல்லைவரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தது.

மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்தார்கள். கார் வைத்துக் கொண்டுவந்தார்கள். காரைப் பார்த்ததுமே தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்குப் பெரிய சடங்கு எல்லாம் கிடையாது. விளக்கு வைக்குமுன் எல்லாம் முடிந்துபோனது.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சீனி வியாதியாம். பிள்ளைகளுக்கும் வருமாம். முன்னாலயே வந்திருந்தா ஊசி போட்டு வச்சிருக்கலாம்னு சொல்லுதாரு டாக்டரு." அப்புறம் தனக்குத்தானே கேட்பதுபோல் சொன்னார். "பிள்ள ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்ச்சுதான்னு கேட்டாரு. அப்பிடி ஒண்ணும் இல்ல சார்னு சொல்லிட்டேன்."

நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நாலடி கூட இருக்காது. மொய்ச்சுதுப்பா என்று சொல்லவேண்டியதுதான். சத்தியம் என்பதால் சொல்லவில்லை என்று நெடுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சத்தியமும் இல்லை ஒன்றும் இல்லை. பயம். நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்பது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம். பத்து வயதில் அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் படக்காரர் தகவல் தெரியாமல் படத்தைக் கொண்டுவந்தார். வாசலில் நின்றவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வரவில்லை. துணி சுற்றினபடியே வாசல் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். அவிழ்த்துப் பார்த்தோம். கொழுகொழுவென்று, கன்னம் இரண்டும் சிவந்து, தெளிவாக ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றது. அப்பா அதைப் பார்த்து அழுதார். அத்தை அழுதாள். அம்மாவுக்கு மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அப்பா இல்லாமல் அவள் டவுணுக்குப் போனது அதுவரை கிடையாது. ரத வீதியில் விசாரித்து விசாரித்து, அந்த மாடிப்படி ஏறினோம். அறையைச் சுற்றிச் செத்துப்போனவர்கள் மாலையோடு காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்கு அந்த மூஞ்சி வேணும்" என்றாள் அம்மா.

படக்காரருக்கு விளங்கவில்லை.

"மொதல்ல போட்டீகளே. அதுதான் எம்பிள்ள. நாங்க சொன்னத கேட்டுட்டு இத போட்டுட்டீகளே, இது யாரு? கண்ண மூடுனா எனக்கு இந்தப் பிள்ளதான் வாரான். என்ட்ட தண்ணி கேட்ட பிள்ள வரமாட்டேங்கான்."

படக்காரர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நெனப்புல வச்சுத் திரும்பப் போடலாம்மா. போட்டா அது நான் நெனைக்க பிள்ளையா இருக்கும். ஒங்க பிள்ளையா இருக்காது."

"இதச் சொரண்டி எடுத்துருங்க."

"சொரண்டுனா ரெண்டும் போயிரும்." படத்தை அவள் கையில் கொடுத்தார். "நான் எதையும் அழிக்கலம்மா. அது அப்பிடியே உள்ளதான் இருக்கு. காயதுக்குள்ள மேல பூசச் சொன்னாக, பூசுனேன். என்னைக்கானாலும் வெடிக்கும். பைய வரும்."

அம்மா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். படத்தைக் கூடத்தில் மாட்ட விடவில்லை. தன் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். மாலை போடக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது, கண்ணாடி போடக்கூடாது. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்ப்பாள். வந்தவர்கள் தங்கள் பாட்டுக்கு "என்ன அழகான பிள்ளை" என்பார்கள். தலையாட்டுவாள். செவலை தொழுவத்துக்குப் பின்னால் அந்தச் சுவரோரமே படுத்துக் கிடந்து, அடுத்த கோடையில் போய்ச் சேர்ந்தது. அப்பா போனார், அத்தை போனாள். அம்மாவுக்குக் கடைசியில் கண் மங்கிவிட்டது. "வெடிச்சிருக்காட்டி? பாரு" என்று என்னைத்தான் கேட்பாள். இல்லம்மா என்பேன். அவள் போகும்வரை ஒரு கீறல்கூட விழவில்லை. பாவம், எத்தனை வருஷம் காத்திருந்தாள்.

அவளுக்கும் நான் எறும்பைச் சொல்லவில்லை. இரவும் பகலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன், சொல்லவில்லை.

இப்போது படம் என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முந்தின கோடையில் முதல் வெடிப்பு விழுந்தது. இடது கன்னத்தில், வாயோரம், மயிரிழை அளவு. அப்புறம் அது கிளை விட்டது. போன மாதம் ரோஸ் வர்ணம் ஒரு துணுக்கு சுருண்டு விழுந்தது. காலையில் தரையைக் கூட்டும்போது கண்டெடுத்தேன். அதன் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, வற்றின கன்னம் தெரிகிறது. அந்த நிறம் எனக்குத் தெரியும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எந்தச் சீட்டும் சேராமல் போன நிறம். நாய் அன்றிலிருந்து இன்றுவரை அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மகள் விடமாட்டேன் என்கிறாள். வெடிப்பு முகம் முழுக்கப் பரவுமுன் அடைத்துவிட வேண்டுமாம். நேற்றுகூடப் போனில் சொன்னாள். வேண்டாம் என்றேன். இன்னும் கண் வரவில்லை. அவன் கண் வெளியே வந்து என்னைப் பார்க்குமுன் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடவேண்டும் என்று இருந்தேன்.

எறும்பு மொய்த்தது. நான் பார்த்தேன். சொல்லவில்லை.